கரிசலும் சாரலும்

கயத்தாறு என்றதும் தமிழர் நெஞ்சில் முதற்கண் எழுவது ஒரு புளியமரத்தின் நினைவு. 1799ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள், மேஜர் பானர்மேனின் ஆணைப்படி வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. அந்த நினைவுக்கு அடுத்தபடியாக அவ்வூரைக் கடப்போர் கண்ணில் படுவன காற்றாலைகள். 1980களின் பிற்பகுதியிலிருந்து அங்கு அவை எழத் தொடங்கின. தேசியக் காற்றுத்திறன் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையமும் அவ்வூரிலேயே அமைந்துள்ளது. தூக்குமரத்தின் வரலாற்றை எழுதியோர் பலர். காற்றின் வரலாற்றை எழுதியோர் சிலரே. கரிசல் நிலத்தின் இலக்கிய வரலாற்றில் ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ள அந்தக் காற்றிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

அரபிக் கடலில் நீரை முகந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் மேலைச் சரிவிலேயே தன் சுமையின் பெரும்பகுதியை இறக்கிவிடுகிறது. செங்கோட்டைக்கு அருகே மலை சற்றுத் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாக வழிவிடுகிறது. அவ்வழி நுழையும் காற்று குற்றாலத்தில் சாரலாகத் தூவுகிறது. மலையுச்சிக் காடுகளில் பெய்து அருவிகளாக வீழ்கிறது. அங்கிருந்து கிழக்கே வரவர அதன் ஈரம் வற்றுகிறது. விசை மட்டும் எஞ்சுகிறது. அந்த எஞ்சிய விசைதான் கயத்தாற்றுச் சமவெளியில் ஆனி, ஆடி மாதங்களில் புழுதியை வாரி இறைப்பது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியை மெய்யாக்குவது. இன்று காற்றாலைகளின் சிறகுகளைச் சுழற்றுவதும் அதுவே. குற்றாலத்தில் சாரலாவதும் கரிசலில் புழுதியாவதும் ஒரே காற்று. இடைத்தொலைவு எழுபது, எண்பது கிலோமீட்டருக்கு மிகாது.

கரிசல் சம்சாரியின் ஆண்டுக் கணக்கு இந்தக் காற்றை நம்பியதன்று. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பான். தை, மாசியில் கம்பும் சோளமும் உளுந்தும் வீடு வரும். அடுத்துப் பருத்தி வெடிக்கும். அதன்பின் ஆவணி வரையில் நிலம் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். கண்மாயில் நீரிராது. உடைமர நிழலும் வேப்பமர நிழலுமே துணை. அந்த வேலையற்ற மாதங்களில்தான் மேற்கே குற்றாலத்தில் அருவி கொட்டும். தன் ஊரில் நீர் அடியோடு இல்லாத காலமும் அடுத்த சீமையில் நீர் தலைமேல் விழும் காலமும் ஒன்றாக அமைந்தமையால், கரிசற்காட்டு மக்களுக்குக் குற்றாலப் பயணம் வெறும் பொழுதுபோக்கன்று. தமக்குக் கிடைக்காத மழையைத் தாமே தேடிச் சென்று தலையில் ஏற்றுக்கொள்ளும் செயல் அது. அவ்வாறு நண்பரோடு சென்று திரும்பிய பயணங்கள் தமிழ் இலக்கியத்துக்கு அளித்தது என்ன என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அருவியின் பழமை

குற்றாலம் நெடுங்காலமாகப் பாடல் பெற்ற இடம். திருஞானசம்பந்தர் பாடிய தலங்களுள் அது ஒன்று. ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திரசபை அங்கு உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி, அம்மலையின் அருவியையும் குரங்கையும் கனியையும் தேனையும் தமிழர் அனைவர்க்கும் உரிய காட்சிகளாக்கிற்று. மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அந்நூலுக்குப் பரிசாகக் கவிராயருக்கு நிலம் வழங்கினார் என்பதும், அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது என்பதும் இலக்கிய வரலாறு கூறுவன. ஒரு மலையின் வளத்தை அம்மலைக்குரிய குறத்தியின் வாய்மொழியாகவே கூறச் செய்தமை அந்நூலின் தனிச்சிறப்பு. இக்குறிப்பு பின்னரும் தேவைப்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அருவிக்கரைக்கு வேறொரு கூட்டமும் வந்தது. கட்டபொம்மன் கயத்தாற்றில் மாண்ட அதே காலப்பகுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்துக் குளிர்ச்சியைக் கண்டு சாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்களுக்கு அங்கே தோட்டம் இட்டனர். 1830களில் தாவரவியல் அறிஞர் இராபர்ட் வைட் அம்மலையின் செடிகொடிகளைத் திரட்டி ஆராய்ந்தார். வெள்ளை அதிகாரிகள் கோடையில் உடல்நலம் தேடித் தங்கும் இடமாகவும் குற்றாலம் ஆயிற்று. அருவியைக் கவிஞன் ஒரு வகையாகவும் வணிகன் ஒரு வகையாகவும் அறிஞன் ஒரு வகையாகவும் கண்டனர். நண்பர் குழாமொன்று ஒருங்கிருந்து இலக்கியம் சுவைக்கும் இடமாக அது ஆனது இருபதாம் நூற்றாண்டில்.

வழியும் வாகனமும்

இரயில் பாதைகள் இப்பயணத்தை எளிதாக்கின. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடி செல்லும் பாதை 1876இல் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை ஆகிய ஊர்கள் இருப்புப்பாதையால் இணைந்தன. கோவில்பட்டியில் ஏறி மணியாச்சியில் மாறித் திருநெல்வேலி வழியே தென்காசி சென்று இறங்குதல் ஒரு வழி. கழுகுமலை, சங்கரன்கோவில் வழியே சாலையில் செல்லுதல் மற்றொரு வழி.

அச்சாலை வழியே ஓர் இலக்கியப் பாடம் எனலாம். கழுகுமலையில் பாறையைக் குடைந்தெடுத்த வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் உள்ளன. அம்மலை முருகன்மீதே சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். சென்னிகுளமும் சங்கரன்கோவிலை அடுத்த ஊரே. கால்நடையாகக் காவடி சுமந்து செல்வோரின் அடிவைப்புக்கு ஏற்ப அமைந்த அந்தச் சந்தம், கரிசலும் செம்மண்ணும் கலக்கும் அந்த எல்லையில்தான் பிறந்தது. அவ்வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் முதலில் மண்ணின் நிறம் மாறுவதைக் காண்பர்; பின்னர் வானத்தின் விளிம்பில் நீலக்கோடாக மலை எழுவதைக் காண்பர்; தென்காசியை நெருங்குகையில் முகத்தில் ஈரக்காற்று படுவதை உணர்வர்.

கரிசலிலிருந்து மலையடிவாரம் நோக்கிச் சென்ற பெருங்கவிஞர் ஒருவரும் உண்டு. 1882இல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், 1918இன் இறுதியில் புதுவையை விட்டு நீங்கிச் சிறைப்பட்டு மீண்டபின், தம் துணைவியார் செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் 1920 வரை வாழ்ந்தார். கடையம் குற்றாலத்துக்கு அணித்தே பொதிகைத் தொடரின் அடியில் உள்ளது. அவர் சென்றது சுற்றுலாவுக்கன்று, புகலிடம் தேடி. எனினும் கரிசலில் பிறந்த கவியுள்ளம் அந்த மலைச்சாரலை நாடிய வரலாற்றில் அவர் பெயரையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

வட்டத்தொட்டி

பாரதியார் பிறந்த அதே 1882இல் பிறந்தவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்டவர், வழக்கறிஞர், சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் பின் 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையப் பாதுகாப்புக் குழு ஆணையராகவும் பணியாற்றியவர். ஆனால் தமிழுலகம் அவரை அப்பதவிகளால் நினைப்பதில்லை. 1920களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டின் தொட்டிக்கட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடினர். கம்பனையும் பிற கவிகளையும் பாடிச் சுவைத்தனர். கூடிய இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராகி வட்டத்தொட்டி என வழங்கிற்று. அதற்குப் பதிவேடு இல்லை, சந்தா இல்லை, தேர்தல் இல்லை. வருவோர் வந்தனர், இருந்தோர் கேட்டனர்.

பின்னாளில் டி.கே.சி. குற்றாலத்திலேயே தங்கி வாழ்ந்தபோது வட்டத்தொட்டியும் அருவிக்கரைக்குக் குடிபெயர்ந்தது. இராஜாஜியும் கல்கியும் அங்கு வந்து தங்கினர். நீதிபதி எஸ். மகராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், மீ.ப. சோமு, வித்துவான் ல. சண்முகசுந்தரம் முதலியோர் அந்த வட்டத்தில் வளர்ந்தவர்கள். மகராஜன் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழாக்கினார். தஞ்சையில் அரசுப் பணியில் இருந்தபோது தொண்டைமான், சிதறிக் கிடந்த சிற்பங்களைத் திரட்டி 1951இல் தஞ்சைக் கலைக்கூடம் அமையக் காரணரானார். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்துக்கு ஊக்கமாக நின்றவர்களுள் டி.கே.சி. முதன்மையானவர். தமிழிசை இயக்கத்திலும் அவர் குரல் ஓங்கி ஒலித்தது.

குற்றாலத்துக்கு நண்பரோடு செல்வோரின் நாள் ஏறத்தாழ ஒரே ஒழுங்குடையது. விடியலில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவிக்கோ ஐந்தருவிக்கோ செல்லுதல். தலையும் தோளும் மரத்துப் போகும்வரை நீரில் நிற்றல். பின் பெரும்பசியோடு உணவு. உண்டபின் சாரலைப் பார்த்தபடி பேச்சு. கால்வலிமை உள்ளவர் செண்பக அருவிக்கும் அதற்கு அப்பால் தேனருவிக்கும் ஏறுவர். கிளைவிட்டுக் கிளை தாவும் குரங்குக் கூட்டமும் உயர்ந்த மரத்தின் முடியில் ஓடும் மலையணிலும் ஈரப்பாறையில் அமரும் வண்ணத்துப்பூச்சியும் வழித்துணை. மேட்டுக் காட்டில் யானைத்தடம் கண்டால் அன்றையப் பேச்சு முழுதும் அதைப் பற்றியே அமையும். இவை யாவர்க்கும் பொது. டி.கே.சி.யின் வீட்டில் இவற்றோடு ஒன்று கூடுதலாக இருந்தது. அருவியில் குளித்துப் புலன்கள் விழித்திருக்கும் வேளையில் ஒரு கவியை எடுத்து, வாய்விட்டுப் படித்து, மீண்டும் மீண்டும் சொல்லி, அதன் தாளம் செவியில் படியும் வரை காத்திருக்கும் வழக்கமே அது.

கவி என்பது தாளில் கிடக்கும் எழுத்தன்று. வாயில் பிறந்து செவியில் வாழும் ஒலி என்பதே அவர்தம் கொள்கை. கவிக்கு உருவம் இன்றியமையாதது என்று அவர் அடிக்கடி வற்புறுத்தினார். அவருடைய கட்டுரை நூல் ஒன்றின் பெயரே ‘இதய ஒலி’. அவர் எழுதியதும் பேச்சை ஒட்டிய தமிழே. பண்டித நடை கோலோச்சிய நாளில், எதிரே அமர்ந்திருப்பவரிடம் கூறுவது போன்ற நடையில் கவிச்சுவையை எழுதலாம் என்று அவர் செய்து காட்டினார். நண்பர்க்கு அவர் எழுதிய கடிதங்களும் அந்நடையினவே. அவை பின்னர்த் தொகுக்கப்பெற்று நூலாயின.

இடைசெவல் நண்பர் இருவர்

கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர் இடைசெவல். 1923ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவ்வூரில் இருவர் பிறந்தனர். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். இருவர்க்கும் வீட்டில் தெலுங்கு. தெருவில் கரிசல் தமிழ். இருவர்க்கும் எழுத்தில் எவ்வளவு வேட்கையோ அவ்வளவு இசையிலும் இருந்தது. அழகிரிசாமி பள்ளியிறுதி வரை படித்து அரசுப் பணி பெற்று, பின் அதை விடுத்துப் பத்திரிகைத் தொழிலுக்குச் சென்னை சென்றார். கி.ரா. எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. மழைக்கு ஒதுங்கிய இடமே தமக்குப் பள்ளிக்கூடம் என்றும், அப்போதும் பாடத்தை விட்டு மழையையே வேடிக்கை பார்த்ததாகவும் பின்னாளில் நகைச்சுவையாகக் கூறிக்கொண்டவர் அவர். கரிசற்காட்டுச் சிறுவன் ஒருவன் மழையைப் பார்த்தவாறு பாடத்தை மறந்ததில் வியப்பில்லை; அங்கே மழை பாடத்தினும் அரிது.

இவ்விரு நண்பரும் குற்றாலம் சென்று ரசிகமணியைக் கண்டனர். அவர்தம் அன்புக்கு உரியராயினர். ஒருபுறம் இராஜாஜி, நீதிபதி, ஆட்சியர், புகழ்பெற்ற பத்திரிகையாசிரியர். மறுபுறம் கரிசல் சிற்றூரிலிருந்து வந்த, இன்னும் பெயர் பெறாத இளைஞர். அந்த அவையில் இவர்களுக்கு இடம் கிடைத்தது என்பதே வட்டத்தொட்டியின் பெருமையை உணர்த்தும். கவியைக் கேட்கும் செவி இருந்தால் போதும். பட்டமும் பதவியும் கேட்கப்படவில்லை.

இங்கே ஒரு வினா எழுகிறது. அருவிக்கரையில் இத்தகைய இன்பம் துய்த்த இளைஞர் இருவரும் பின்னர் அருவியைப் பற்றியா எழுதினர்? இல்லை. அழகிரிசாமியின் சிறந்த கதைகளில் வருவது எளிய வீடு, ஏழைக் குழந்தைகள், வெயில் காயும் தெரு. கி.ரா. எழுதியது புழுதியை, கமலையை, பருத்தியை, பஞ்சத்தை, நாட்டுப்புறத்தார் வாய்ச்சொல்லை. குற்றாலத்தின் குளிர்ச்சியை அவர்கள் கரிசலுக்குச் சுமந்துவரவில்லை. அப்படியானால் சுமந்துவந்தது எது?

அவர்கள் சுமந்துவந்தது செவியை எனலாம். பேச்சில் கவி இருக்கிறது, வாய்மொழிக்குத் தாளம் இருக்கிறது, அதை எழுத வெட்கப்பட வேண்டுவதில்லை என்னும் துணிவு அங்கே அவர்களுக்கு வாய்த்தது. கம்பனின் ஓசையைக் கேட்கப் பழகிய செவி, ஊர் திரும்பியபின் கரிசல் சம்சாரியின் பேச்சைக் கேட்டபோது அதிலும் ஓர் உருவத்தைக் கண்டது. தொல்காப்பியர் வகுத்த நானிலத்தில் கரிசலுக்கெனத் தனிப்பெயர் இல்லை. அதற்குக் கருப்பொருளும் உரிப்பொருளும் வகுத்துக் கொடுத்தவர்கள் இடைசெவல் நண்பரும் அவர்வழி வந்தோருமே.

காலவரிசை இதில் ஒரு நெகிழ்ச்சியான உண்மையைக் காட்டுகிறது. டி.கே.சி. 1954ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் கல்கியும் மறைந்தார். கி.ரா.வின் ‘மாயமான்’ சரஸ்வதி இதழில் வெளிவந்தது 1958இல். ‘கோபல்ல கிராமம்’ வந்தது 1976இல். வட்டார வழக்குச் சொல்லகராதி வந்தது 1982இல். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 1991இல். தம் முன்னால் அமர்ந்து கவி கேட்ட இளைஞர் எழுதிய கதைகளில் ஒன்றையும் ரசிகமணி படித்தாரில்லை. வட்டத்தில் விதைத்தவர் விளைச்சலைக் காணாமலே சென்றார். இலக்கிய வட்டம் நடத்துவோர் அனைவரும் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது.

அழகிரிசாமியின் வாழ்வோ குறுகியது. மலேயாவில் தமிழ்நேசன் இதழில் பணியாற்றித் திரும்பியவர், 1970ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டின் சாகித்திய அகாதெமி விருது ‘அன்பளிப்பு’ தொகுதிக்காக அவர் மறைந்தபின்னரே வந்தது. கி.ரா.வுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூலாகியுள்ளன. நட்பு என்பது இலக்கியத்தின் ஒரு வகைமையே என்பதற்கு அக்கடிதங்கள் சான்று.

வட்டத்துக்கு வெளியே நின்றவை

பாராட்டு ஒன்றே வரலாறாகாது. வட்டத்தொட்டியின் குறைகளையும் எண்ணிப் பார்த்தல் அதை மதிப்பதன் ஒரு கூறே.

முதலாவது, சுவையையே அளவுகோலாகக் கொண்டதன் விளைவு. தம் செவிக்கு இசையாத கம்பன் பாடல்களை டி.கே.சி. இடைச்செருகல் என ஒதுக்கினார். சில இடங்களில் பாடத்தையும் திருத்தினார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுள் ஒரு சிறுபகுதியே கம்பன் வாக்கு என்பது அவர் முடிபு. ஏட்டுச் சான்றின்றிச் செவியொன்றையே சான்றாகக் கொள்ளும் இம்முறையைத் தமிழறிஞர் பலர் ஏற்கவில்லை. ஏற்காமை நேரிதே. நண்பர் அனைவரும் தலையசைக்கும் அவையில் மாற்றுரை எழுவது அரிது. அரிதாகும்போது சுவை தீர்ப்பாக மாறிவிடுகிறது. அவ்வவையில் அமர்ந்த அழகிரிசாமி பின்னர்க் கம்பராமாயணப் பதிப்புப் பணியிலும் காவடிச்சிந்துப் பதிப்பிலும் ஈடுபட்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சுவைப்பதோடு அமையாமல் நூலை நூலாகக் காக்கும் பணியும் வேண்டும் என்பதை அவர் உழைப்பு உணர்த்துகிறது.

இரண்டாவது, பெண்களின் இடம். குற்றாலத்து விருந்தின் சுவையைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் பல. அவ்விருந்தை ஆக்கிய கைகளைப் பற்றி எழுதப்பட்ட வரிகள் சில. வட்டத்தொட்டியினர் என எடுத்துரைக்கப்படும் பெயர் வரிசையில் பெண் பெயர் காண்பது அரிது. குற்றாலக் குறவஞ்சியிலோ மலையின் வளத்தை எடுத்துரைப்பவள் ஒரு பெண். அவள் குரலைக் கேட்டு மகிழ்பவளும் ஒரு பெண். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிராயர் கற்பனையில் பெண்ணுக்கு அளித்த பேச்சுரிமையை, இருபதாம் நூற்றாண்டின் அவை நனவில் அளிக்கவில்லை. அருவியோ ஆண் பெண் இருபாலார் தலையிலும் ஒன்றுபோலவே விழுந்துகொண்டிருந்தது. அடுக்களையில் இருந்தவர் செவியிலும் கம்பனின் பாட்டு விழுந்திருக்கும். அவர்கள் என்ன எண்ணினர் என்பதை எழுதி வைப்பார் இல்லை. அவ்வகையில் தமிழ் இழந்த நூல்கள் எத்தனையோ.

கரிசலின் காடு

மற்றொரு மாற்றம் பயணத்தின் பயனாக மெல்ல நிகழ்ந்தது. இயற்கை என்றால் மலையும் அருவியும், வனவிலங்கு என்றால் யானையும் புலியும் என்று எண்ணும் பழக்கம் சமவெளியினர்க்கு உண்டு. அதற்குரிய காப்பிடங்களும் மலையிலேயே முதலில் அமைந்தன. முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாயின. களக்காடு சிங்கவால் குரங்குக்கென அமைந்தது. இரண்டும் இணைந்து 1988இல் புலிகள் காப்பகமாயின.

ஆனால் வறண்ட நிலத்துக்கும் தன் உயிர்ச்செல்வம் உண்டு. வல்லநாட்டுக் குன்றில் வெளிமான்கள் வாழ்கின்றன. 1987இல் அக்குன்று அவற்றுக்கெனச் சரணாலயமாக்கப்பட்டது. கயத்தாற்றுக்குத் தெற்கே கங்கைகொண்டானில் 2013இல் புள்ளிமான் சரணாலயம் அமைந்தது. கரிசலின் கௌதாரியும் காட்டு முயலும் உடைமரத்துத் தூக்கணாங்குருவிக் கூடும் குறிஞ்சியின் அழகுக்குக் குறைந்தவையல்ல. அவற்றைக் காணும் கண் வேண்டும்; பெயரிட்டு அழைக்கும் சொல் வேண்டும். அச்சொற்களைத் திரட்டியவர் கி.ரா. அக்கண்ணைப் பெற்றவர் பின்வந்தோர். பூமணியின் கதைகளும், கண்மாயையே நாயகமாகக் கொண்டு 2019ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற சோ. தர்மனின் ‘சூல்’ நாவலும், கோவில்பட்டியில் இருந்தவாறே தேவதச்சன் எழுதிய கவிதைகளும் அந்த மரபின் விளைவுகள். அயலூர் அருவியை வியந்தவர் வழிவந்தோர் தம் ஊர்க் கண்மாயை எழுதினர். இதைவிடச் சிறந்த சுற்றுலாப் பயன் வேறில்லை.

இன்றைய அருவி

வட்டத்தொட்டிக்குப் பின்னும் குற்றாலத்தில் கவிஞர் கூடினர். 1980களின் இறுதியிலும் 1990களிலும் கவிஞர் கலாப்ரியா அங்கு நடத்திய கவிதைக் கூட்டங்கள் நவீன கவிஞர் பலரை அருவிக்கரையில் ஒன்றுசேர்த்தன. கம்பனுக்குப் பதில் புதுக்கவிதை. நயம் பாராட்டுவதற்குப் பதில் விவாதம். மாறாதது அருவியும் நட்பும்.

அருவிக்குச் செல்லும் முறையும் மாறிவிட்டது. குற்றாலத்தின் அடையாளமாக இருந்த எண்ணெய்க் குளியல், சோப்பு முதலியவற்றோடு நீதிமன்ற ஆணையால் தடைசெய்யப்பட்டுள்ளது. நீரின் தூய்மை கருதிய நல்ல தடை அது. செண்பக அருவிக்கும் தேனருவிக்கும் வனத்துறை விரும்பியவாறு செல்லவிடுவதில்லை. காடு விலங்குக்கும் உரியது என்பதன் ஏற்பு அது. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் குளிக்கச் சென்ற சிறுவன் ஒருவனின் உயிரைக் கொண்டது. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில், மழைக்கு ஏங்கும் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளக்காடாயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வறண்ட நிலம், குளிர்ந்த நிலம் என்று கவிஞர் வகுத்துக்கொண்ட எல்லைகளைப் பருவம் மீறத் தொடங்கிவிட்டது. அருவியை இனிமையாக மட்டுமே பாடும் காலம் கடந்துவிட்டது எனலாம்.

கி. ராஜநாராயணன் 2021ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் புதுவையில் மறைந்தார். அவர் உடல் அரசு மரியாதையுடன் இடைசெவல் மண்ணுக்கே திரும்பியது. கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் எழுந்துள்ளது. குற்றாலத்து அவையில் கேட்பவராக அமர்ந்த ஒருவர், நூறாண்டை எட்டும் வாழ்வில் ஒரு நிலத்துக்கே வாயாக விளங்கினார்.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவெய்தும் வேளையில் அதன் கணக்கை எதைக்கொண்டு எழுதுவது? நடந்த கூட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டா, வந்து சென்ற பெரியோரின் பெயர்களைக் கொண்டா? வட்டத்தொட்டியின் வரலாறு வேறொரு விடையைத் தருகிறது. அதன் விளைச்சலுள் சிறந்த ஒன்று, அவையின் ஓரத்தில் அமர்ந்து கேட்டவரிடம், அது கலைந்து சில ஆண்டுகளுக்குப் பின் விளைந்தது. இன்று அவையின் ஓரத்தில் அமர்ந்திருப்பவர் யார், அடுக்களை வாயிலில் நின்று கேட்பவர் யார், பேச அழைக்கப்படாதவர் யார் என்று பார்ப்பதே அடுத்த பத்தாண்டின் பணி.

குற்றாலத்தில் அருவியாக விழும் நீர் சிற்றாறாகிக் கிழக்கே ஓடுகிறது. தென்காசியைக் கடந்து, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் கலக்குமுன், கங்கைகொண்டானில் நெடுஞ்சாலையைக் கடக்கிறது. அங்கிருந்து கயத்தாறு சில கல் தொலைவுதான். கரிசல் மக்கள் தேடிச் சென்ற அதே நீர், ஆரவாரமின்றி, அவர்கள் நிலத்தின் தென்னெல்லையை ஒட்டியே ஓடிக்கொண்டிருக்கிறது. பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து குற்றாலத்திலிருந்து திரும்புவோர் அந்தப் பாலத்தின்மேல் சற்றே தலை திருப்பினால் அதைக் காணலாம்.